பழைய கட்டுகளை அவிழ்க்க வரும் மாணவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் அம்மாப்பேட்டையில் ஒரு கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம், ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டம். இரண்டும் தங்கள் பழைய காகிதங்களைக் கல்லூரி மாணவர்களுக்குத் திறந்துவிட்டிருக்கின்றன. உள்ளகப் பயிற்சிக்கு வருபவர்களை உட்காரவைத்து வேலை வாங்குவது என் பொறுப்பு. அரசு அலுவலகப் பதிவறையில் 31 ஆண்டுகள் கட்டு கட்டியும் அவிழ்த்தும் ஓய்வு பெற்றவன் நான். ஆண்டுதோறும் அதே கேள்விகள் வருவதால் பதில்களை எழுதிவைத்துவிட்டேன்.

இந்தப் பயிற்சியில் என்ன செய்ய வேண்டியிருக்கும்?

பட்டியல் போட வேண்டும். இதைச் சொன்னதும் பாதிப் பேருக்கு முகம் வாடிவிடுகிறது. "சங்கத்தின் வரலாற்றை எழுதலாம் என்று வந்தோம் ஐயா" என்பார்கள். எழுதலாம், கடைசி வாரத்தில். அதற்கு முன் அலமாரிக்குள் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டாமா?

சங்கத்தாரைக் கேட்டால் அவர்கள் சொல்லும் வரலாறு ஒரு பக்கத்தில் முடிந்துவிடும். நிறுவியவரின் மாலை போட்ட படம், கட்டடத் திறப்பு விழா, அமைச்சர் ஒருவர் வந்த நாள். அலமாரியில் இருப்பதோ தீர்மானப் புத்தகம், உறுப்பினர் பதிவேடு, சிட்டை (அன்றாடக் கணக்கு), பேரேடு, ஐந்தொகை (ஆண்டு இறுதிச் சொத்து, கடன் கணக்கு), தணிக்கை அறிக்கை, நூல் வழங்கல் பதிவேடு, கூலிப் பட்டியல். ஆண்டு மலர் போடுகிறவர்கள் இவற்றைத் தொடுவதில்லை.

நூல் வழங்கல் பதிவேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். யாருக்கு, எத்தனையாம் நம்பர் நூல், எத்தனை சிட்டம் (நூல் கற்றை), கையெழுத்தா கைநாட்டா என்று கட்டங்கள் வரிசையாக ஓடும். கடைசியில் ஒரு விரல் அகலத்துக்குக் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் இருக்கும். போர்க்காலத்துப் பதிவேடு ஒன்றில் அந்தக் கட்டத்தில் இரண்டே சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றன: "தறி நின்றது." 1943இல் பருத்தித் துணிக்கும் நூலுக்கும் கட்டுப்பாட்டு ஆணை வந்தது என்று எந்தப் புத்தகத்திலும் படித்துக்கொள்ளலாம். அம்மாப்பேட்டையில் எந்தத் தெருவில் முதலில் தறி நின்றது என்பதை அந்தக் குறுகிய கட்டம்தான் சொல்கிறது. அதைக் கண்டுபிடித்தவர் பதிவேட்டின் 212 பக்கங்களையும் ஒன்றுவிடாமல் பட்டியலிட்ட பி.காம். மாணவி.

வரலாறு படிப்பவர்கள் மட்டும்தான் வரலாமா?

இல்லை. கணக்குப் புத்தகம் என்றால் வணிகவியல் மாணவர்கள்தான் எனக்கு வசதி. வரவும் பற்றும் எந்தப் பக்கம் வரும் என்று அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தோட்டத்து மழைப் பதிவேட்டைப் புவியியல் மாணவர்கள் பார்க்கும் பார்வையே வேறு. தமிழ் இலக்கியம் படிப்பவர்கள் பழைய கையெழுத்தில் மற்றவர்களை முந்திவிடுகிறார்கள். தும்மல், ஆஸ்துமா உள்ளவர்கள் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தூசி படாத வேலையும் இருக்கிறது.

எத்தனை நாள்? எப்போது?

பல்கலைக்கழக மானியக் குழுவின் கணக்கில் உள்ளகப் பயிற்சிக்கு 1 கிரெடிட் என்பது 30 மணி நேரம். உங்கள் துறை எத்தனை கிரெடிட் கேட்கிறது என்று அங்கேயே விசாரித்துக்கொண்டு வாருங்கள். என் அனுபவத்தில் 120 மணி நேரத்துக்குக் குறைந்தால் கையெழுத்து பழகுவதற்குள் ஆள் போய்விடுகிறார். சங்கத்தில் தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதம் யாரும் உங்களை ஏறெடுத்துப் பார்க்கமாட்டார்கள். தோட்டத்தில் பழம் பறிக்கும் காலமும் அப்படித்தான். மே மாதம் ஏற்காடு வேண்டவே வேண்டாம். கோடை விழாக் கூட்டத்தில் பஸ்ஸில் நிற்கவும் இடமிருக்காது.

முதல் நாள் கட்டை அவிழ்த்ததும் என்ன செய்ய வேண்டும்?

முதல் நாள் கட்டை அவிழ்க்கக் கூடாது. சிவப்புத் துணியில் கட்டியிருக்கும் மூட்டையை அப்படியே பாருங்கள். எந்த அலமாரி, எந்தத் தட்டு, பக்கத்தில் எது என்று எழுதி, ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு அவிழ்த்து, மேலிருந்து கீழாக உள்ள வரிசை கலையாமல் ஒவ்வொன்றுக்கும் எண் கொடுங்கள். எண்ணை பென்சிலில், ஓரத்தில், சிறிதாக எழுத வேண்டும். பேனாவை அறைக்கு வெளியே வைத்துவிட்டு வருவதுதான் நல்லது.

வரிசைக்கு ஏன் இத்தனை பிடிவாதம் என்று கேட்கிறார்கள். ஒரு கட்டில் 3 கடன் மனுக்களுக்கு நடுவே ஒரு கல்யாணப் பத்திரிகை இருந்தது. "இது எதற்கு" என்று மாணவர் ஒருவர் அதைத் தனியே எடுத்து வைத்தார். எந்த மனுவுக்குச் சான்றாக அதை இணைத்தார்கள் என்பது பிறகு யாருக்கும் தெரியாமல் போயிற்று. அன்று நான் டீ குடிக்கப் போயிருந்தேன், ஆகவே பாதிக் குற்றம் என்னுடையது.

அரசு அலுவலகத்துக்கும் சங்கத்துக்கும் நடந்த கடிதங்கள் வந்தால் மேலே மூ.மு., ப.மு. என்று ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாண்டு முடிவு, பத்தாண்டு முடிவு என்று பொருள். அத்தனை ஆண்டு வைத்திருந்துவிட்டு அழித்துவிடலாம் என்று அலுவலகம் தீர்மானித்த கோப்புகள் அவை. அங்கே எப்போதோ எரிந்துபோயிருக்கும். அதே கடிதத்தின் நகல் சங்கத்து மூட்டையில் கிடைத்தால், உலகத்தில் அந்த ஒன்றுதான் மிச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய கையெழுத்தைப் படிக்க வரவில்லையே?

முதல் மூன்று நாள் யாருக்கும் வராது. நான்காம் நாள் ஒரு சொல் பிடிபடும், பெரும்பாலும் "மேற்படி". அதைக்கூட எழுத்தில் எழுதமாட்டார்கள், ௸ என்று ஒரு சுழி போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். பழைய கணக்குப்பிள்ளைகளுக்கு இப்படி ஒரு கைச்சரக்கே உண்டு. நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, வருடத்துக்கு ௵, பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, ரூபாய்க்கு ௹. இந்த ஏழையும் ஒரு அட்டையில் எழுதி மேசையில் நிறுத்திவைத்துக்கொண்டால் பாதிப் பக்கம் திறந்துகொள்ளும்.

தமிழ் எண்களையும் பழகிக்கொள்ள வேண்டும். ௲௯௱௩௰௬ என்று பார்த்ததும் பயப்பட ஒன்றுமில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறு என்று வாய்விட்டுச் சொல்வதை அப்படியே எழுதியிருக்கிறார்கள். பணம் ரூபாய், அணா, பை என்று மூன்று கட்டத்தில் வரும். 16 அணா ஒரு ரூபாய், 12 பை ஓர் அணா, ஆக ரூபாய்க்கு 192 பை. 1957 ஏப்ரல் 1 முதல்தான் நூறு நயாபைசாக் கணக்கு. அந்த ஆண்டுப் பேரேட்டில் கணக்குப்பிள்ளை இரண்டு முறையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, அடித்து, மறுபடி எழுதியிருப்பதைப் பார்த்தால் அவர்மேல் இரக்கம் வந்துவிடும்.

1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முந்தைய அச்சில் ணை, லை, ளை, னை எல்லாம் முன்னால் வளைந்த கொம்போடு இருக்கும். உங்கள் தாத்தா பாட்டியிடம் ஒரு பழைய பத்திரிகையைக் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். அரை மணி நேரத்தில் பழகிவிடும்.

அம்மாப்பேட்டைப் பக்கம் இன்னொரு சிக்கல் உண்டு. நெசவாளர் வீடுகளில் சௌராஷ்டிரம், கன்னடம், தெலுங்கு பேசுகிறவர்கள் நிறையப் பேர். தமிழ்க் கணக்கின் நடுவே தெலுங்கில் ஒரு கையெழுத்து வந்து நிற்கும். தெரியாததை ஊகித்து எழுதாதீர்கள். "வேற்றெழுத்து, 1 சொல்" என்று போட்டுவிட்டு மேலே போங்கள். தெரிந்தவர் ஒருவர் அடுத்த தெருவிலேயே இருப்பார்.

எந்த ஆண்டு என்றே தெரியவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்தக் கேள்விக்குத்தான் அதிக நேரம் செலவாகிறது. ஆவணங்களில் மூன்று விதமான ஆண்டு வரும்.

ஒன்று ஆங்கில ஆண்டு, அதில் தொல்லையில்லை. இரண்டாவது பசலி. ஜூலையில் தொடங்கும் வருவாய்த் துறை ஆண்டு இது. பசலியோடு 590 கூட்டினால் அது தொடங்கிய ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி 1345 என்றால் 1935 ஜூலை முதல் 1936 ஜூன் வரை. மூன்றாவது தமிழ் வருடம், அறுபதுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பும். இதில்தான் வழுக்கி விழுவார்கள்.

'தாது ௵ ஆவணி ௴' என்று தொடங்கும் ஒரு சிட்டையை எடுத்துக்கொண்டு ஒரு மாணவர் மூச்சிரைக்க ஓடிவந்தார். தாது வருடப் பஞ்சம் 1876 என்று பள்ளியில் படித்திருக்கிறார், ஆகவே சங்கத்துக்கு நூற்றைம்பது வயது என்று முடிவுகட்டிவிட்டார். செயலாளருக்கும் சந்தோஷம், அந்த மாலையே பேனர் அடிக்க ஆள் அனுப்பப் பார்த்தார். நான் சிட்டையைப் புரட்டி ஒரு ரசீதைக் காட்டினேன். அதில் ஒட்டியிருந்த ஓரணா ரெவின்யூ ஸ்டாம்பில் ஐந்தாம் ஜார்ஜ் தாடியோடு உட்கார்ந்திருந்தார். 1876 என்றால் விக்டோரியா அல்லவா இருக்க வேண்டும்? போதாததற்குக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டமே 1904இல்தான் வந்தது. ஆக இது அடுத்த தாது, 1936. பேனர் நின்றது. செயலாளர் என்னோடு ஒரு வாரம் பேசவில்லை.

தேதியில்லாத காகிதத்துக்கு இப்படித்தான் சாட்சி தேட வேண்டும்: ஸ்டாம்பில் யார் தலை, அணாவா நயாபைசாவா, ணை, லை எழுத்துகளில் பழைய கொம்பா புதியதா, முகவரியில் சேலம் ஜில்லா என்று எதெல்லாம் சேர்ந்திருக்கிறது.

அதென்ன, எதெல்லாம் சேர்ந்திருக்கிறது?

இன்றைய சேலம் மாவட்டத்தை மனத்தில் வைத்துக்கொண்டு பழைய ஆவணம் தேடினால் ஏமாந்துபோவீர்கள். தருமபுரி 1965இல் பிரிந்தது, நாமக்கல் 1997இல். தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி 2004இல் பிரிந்தது. 1950களின் ஆவணத்தில் "சேலம் ஜில்லா ஓசூர்" என்று இருப்பது எழுத்துப்பிழையல்ல. அதைத் திருத்திவைத்த மாணவர்களும் உண்டு.

சங்கத்தில் இல்லாத காகிதங்களை எங்கே தேடுவது?

முதலில் 1918இல் வந்த சேலம் மாவட்டக் கெஸட்டியரை (அரசின் மாவட்ட விவரத் தொகுப்பு) புரட்டிவிடுங்கள், ஊர் அன்று எப்படி இருந்தது என்று பிடிபடும். கைத்தறிச் சங்கங்களின் பதிவும் மேற்பார்வையும் கைத்தறித் துறையிடம் இருப்பதால் துணை விதிகள், தணிக்கை தொடர்பான கடிதங்களை அதன் சேலம் அலுவலகத்தில் கேட்கலாம். கட்டட நிலத்தின் கதை சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்றாகக் கிடைக்கும். பழைய அரசாணைகளுக்குச் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம் போக வேண்டும். கல்லூரியின் பரிந்துரைக் கடிதமும் அடையாள அட்டையும் இல்லாமல் ரயில் ஏறாதீர்கள். பழைய தமிழ் இதழ்கள், சிறு வெளியீடுகளுக்குத் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது.

இத்தனையும் அம்மாப்பேட்டை அலமாரி முடிந்த பிறகு. எழும்பூர் போய்வந்த புகைப்படத்தைக் காட்டுவதில் இருக்கும் ஆசை, இங்கே 40 கட்டு அவிழ்ப்பதில் யாருக்கும் இருப்பதில்லை.

காகிதம் தொட்டால் உடைகிறது, பூச்சி இருக்கிறது. என்ன செய்யலாம்?

நீங்கள் எதுவும் செய்யாமல் இருப்பது முதல் உதவி. செலோ டேப் ஒட்டக் கூடாது. சில ஆண்டில் பசை மஞ்சளாகி எழுத்தையும் தின்றுவிடும். லேமினேஷன் அதைவிடக் கேடு, திரும்ப எடுக்கவே முடியாது. துருப்பிடித்த குண்டூசியை இழுக்காமல் என்னைக் கூப்பிடுங்கள். ராமபாணப் பூச்சி துளைத்த புத்தகத்தைத் தனியே வைத்து, மற்ற கட்டுகளில் பரவியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கரையான் மண் தெரிந்தால் அன்று வேலை நிறுத்தம், அலமாரியையே சுவரிலிருந்து நகர்த்த வேண்டியிருக்கும். கையுறை வேண்டுமா என்று கேட்கிறார்கள். காகிதத்துக்குக் கழுவித் துடைத்த வெறுங்கை போதும், உறை போட்டால் விரலுக்கு உணர்ச்சி போய்க் கிழித்துவிடுவீர்கள். புகைப்படங்களுக்கு மட்டும் உறை போடுங்கள்.

சேலத்தில் எதிரி வெயிலும் தூசியும். ஏற்காட்டில் ஈரம். கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரம், ஜன்னலைத் திறந்தால் மூடுபனி அறைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். தோட்டத்து பங்களாவில் ஒரு செக்ரோல் (தொழிலாளர் வருகை, கூலிப் பதிவேடு) கட்டு, பக்கம் எல்லாம் ஒட்டி ஒரே செங்கல்லாக இருந்தது. பிரிக்க முயலாமல், மின்விசிறிக் காற்று நேரே படாமல் சில நாள் வைத்திருந்து, ஓரத்திலிருந்து எலும்புக் கத்தியால் தாள் தாளாக எடுத்தோம். 60 பக்கம் கிடைத்தது. மீதி செங்கல்லாகவே இருக்கிறது.

ஏற்காட்டில் தங்க வேண்டுமா? அங்கே என்ன வேலை?

தங்க வேண்டாம். காலைப் பஸ்ஸில் 20 கொண்டையூசி வளைவு ஏறி, மாலையில் இறங்கிவிடலாம். வயிறு புரட்டுபவர்கள் முன்சீட்டில் உட்காருங்கள்.

ஏற்காட்டுக்குக் காப்பி வந்தது 1820களில், அன்று சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில். அதனால் மலையில் எந்தத் தோட்டத்தைக் கேட்டாலும் "இங்கேதான் முதல் செடி" என்பார்கள். நம்பாமல் பத்திரத்தைக் கேளுங்கள். நமக்கு அங்கே வேலை செக்ரோலிலும் மழைப் பதிவேட்டிலும்தான். செக்ரோலில் ஆள் பெயர், வந்த நாள், அரை நாள், கூலி, எந்தக் கங்காணியின் ஆள் என்பது இருக்கும். 1951இல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்த பிறகு கட்டங்கள் கூடுவதையும், குறிப்புகள் பெருகுவதையும் பக்கம் பக்கமாகப் பார்க்கலாம். மழைப் பதிவேட்டிலும் குறிப்புக் கட்டம் உண்டு. "பாதை அடைபட்டது. அரிசி வரவில்லை" என்று ஒரு வரி இருக்கும். அந்த வாரத்துச் செக்ரோலில் வருகை பாதியாகியிருக்கும். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் அந்த மழை தெரிகிறது.

போனில் படம் எடுக்கலாமா? எடுத்தால் கணினியே படித்துவிடாதா?

எடுக்கலாம், பிளாஷ் இல்லாமல். பக்கத்தில் எண் எழுதிய துண்டுச்சீட்டு தெரிய வேண்டும். நல்ல அச்சை இயந்திரம் ஓரளவு படிக்கிறது. கணக்குப்பிள்ளையின் ௸ சுழியைப் பலமுறை படிக்கவைத்துப் பார்த்தோம், ஒவ்வொரு முறையும் வேறு எழுத்தாக வந்தது. படங்களை வாட்ஸாப்பில் போடக் கூடாது. ஏன் என்பது இரண்டு கேள்வி தள்ளி வருகிறது.

பழைய உறுப்பினர்களிடம் பேட்டி எடுக்க வேண்டுமா?

கட்டாயம். ஆனால் கேள்வித்தாளோடு போகாதீர்கள். ஒரு பெண் நெசவாளர், வயது எண்பதுக்கு மேல், மாணவர் நீட்டிய மைக்கைப் பார்த்ததும் "எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு சாமி" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அடுத்த நாள் பழைய கூலிப் பட்டியலின் படத்தை எடுத்துப்போய், "பாட்டி, இதில் உங்கள் மாமனார் பெயர் இருக்கிறது" என்று காட்டியதும் இரண்டு மணி நேரம் பேசினார். பாவடித் திடலில் விடியற்காலையில் பாவு (தறியின் நீளவாட்டு நூல்) ஓட்டியது, மழை வந்தால் தெருவே ஓடிவந்து பாவைச் சுருட்டியது, பட்டியலில் ஆண் பெயர் மட்டும் இருக்க வீட்டுப் பெண்கள் அத்தனை பேரும் நூல் சுற்றியது. அந்தக் கடைசிச் செய்தி எங்கள் 40 கட்டில் எதிலும் இல்லை.

பேசும் முன் ஒப்புதல் கேளுங்கள், பேசி முடித்த பின் மறுபடி கேளுங்கள். இடையில் எதையோ சொல்லிவிட்டு வருத்தப்படுகிறவர்கள் உண்டு. அதை அழித்துவிடுவதுதான் மரியாதை.

நிறுவனத்துக்குச் சங்கடமான செய்தி கிடைத்தால்?

கிடைக்கும். எண்பது ஆண்டுக் கணக்கில் கையாடல், பொய்க் கையெழுத்து, சாதிச் சண்டை, நீக்கம் எதுவும் இல்லை என்றால் யாரோ முன்கூட்டியே பக்கத்தைக் கிழித்திருக்கிறார்கள் என்று பொருள்.

சங்கத்து நூலை வெளியில் விற்றதாக ஓர் உறுப்பினரை நீக்கிய தீர்மானம் எங்களுக்குக் கிடைத்தது. கண்டெடுத்த மாணவர் படம் பிடித்து நண்பர்கள் குழுவில் போட்டுவிட்டார். மறுநாள் காலை, நீக்கப்பட்டவரின் பேரன் சங்கத்து வாசலில் வந்து நின்றார். அவரும் இன்று அதே சங்கத்தின் உறுப்பினர், அதே தெருக்காரர். கத்தவில்லை. "தாத்தா அப்படிச் செய்தாரா, இல்லை மாட்டிவிட்டார்களா, அதையும் கண்டுபிடித்துச் சொல்வீர்களா?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. தீர்மானப் புத்தகத்தில் இருப்பது தீர்மானித்தவர்களின் பேச்சு மட்டும்தான்.

அதன் பிறகு ஓர் ஒப்பந்தம் எழுதினோம், இப்போது வேலை தொடங்கும் முன்பே இரு தரப்பும் கையெழுத்திடுகிறோம். பட்டியலில் எதையும் விடக் கூடாது, செயலாளர் கேட்டாலும் விடக் கூடாது. தனிமனிதரின் குற்றம், நோய், கடன் பற்றியவற்றில் பெயரை மட்டும் எடுத்து மூடிய தனிப் பட்டியலில் வைக்க வேண்டும். மலரில் எதை அச்சிடுவது என்று சங்கத்தார் முடிவு செய்யட்டும். ஆனால் அலமாரியில் இருப்பதை இல்லை என்று எழுத உங்களுக்கும் அவர்களுக்கும் உரிமையில்லை. இந்த ஒரு விஷயத்தில் நான் இறங்கிவருவதில்லை. இதனால் ஒரு நிறுவனம் "அப்படியானால் வேண்டாம்" என்று கதவைச் சாத்திவிட்டது. போகட்டும்.

இன்னொன்று. ஒரு செய்தி எழுதாமலே எழுதப்பட்டிருக்கும். 1976இல் தமிழ்நாட்டில் கூட்டுறவுச் சங்கங்களின் தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாகக் குழுக்கள் போய்த் தனி அலுவலர்கள் வந்தார்கள். அதற்கு முந்தைய தீர்மானப் புத்தகத்தில் ஆட்சேபம், வெளிநடப்பு, அடித்தல், திருத்தல், பக்க ஓரத்தில் சண்டை, கடைசியில் 9 கையெழுத்து. அதற்குப் பிந்தையதில் சுத்தமான கையெழுத்தில் வரிசையாகத் தீர்மானங்கள், அடியில் ஒரே கையெழுத்து. எனக்குச் சண்டையிருக்கும் புத்தகம்தான் பிடிக்கும். உங்கள் அறிக்கையில் உங்களுக்குப் பிடித்ததை எழுதுங்கள்.

உதவித்தொகை உண்டா?

சங்கம் பஸ் கட்டணமும் மதியச் சாப்பாடும் தருகிறது. தோட்டம் சிறு தொகை தருகிறது. இலவசமாக வேலை வாங்குவது எனக்கு உடன்பாடில்லை, இரண்டு இடத்திலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இதனால் வேலை கிடைக்குமா என்று வீட்டில் கேட்கிறார்கள்.

நேராகக் கிடைக்காது. நூலகம், அருங்காட்சியகம், தணிக்கை அலுவலகம் போனவர்கள் இருக்கிறார்கள். ஒருவர் வங்கியில் இருக்கிறார், கிளையின் பழைய கோப்பு அறையைப் பார்த்துத் தூக்கம் வரவில்லை என்று போன் செய்தார்.

முடிவில் என்ன ஒப்படைக்க வேண்டும்?

பட்டியல், படங்கள், நான்கு பக்க அறிக்கை. அறிக்கையில் முன்னுரை வேண்டாம், "வரலாறு என்பது" என்று தொடங்கினால் திருப்பிக் கொடுத்துவிடுவேன். பட்டியலில் ஒரு பதிவு இப்படி இருந்தால் போதும்: "கட்டு 17, எண் 4. நூல் வழங்கல் பதிவேடு. தமிழ், கறுப்பு மை. 212 பக்கம், 31 முதல் 38 வரை இல்லை. அட்டையில் ஆண்டு இல்லை, உள்ளே பசலி 1353. குறிப்புக் கட்டம் நிரப்பப்பட்டுள்ளது."

என்ன கொண்டுவர வேண்டும்?

இரண்டு பென்சில், அழிப்பான், கோடு போடாத நோட்டு, பழைய பருத்தித் துண்டு, முகக்கவசம். வெள்ளைச் சட்டை வேண்டாம். தண்ணீர் பாட்டிலும் சாப்பாட்டு டப்பாவும் வாசல் திண்ணையிலேயே இருக்கும். பத்து மணிக்குச் சங்கத்தின் பின்பக்கக் கதவு திறக்கும், சாவி என்னிடம்.